தானே வரைந்த சித்திரமா? ஒளிப்படமும் அதன் மேற்பரப்பும் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நமது இலக்கிய விமர்சனத்தில் ஒளிப்படம் ஒரு விநோதமான பணியை ஆற்றி வருகின்றது. ஒரு சிறுகதையைப் பாராட்ட விரும்பும் விமர்சகர், ஆசிரியர் கிராமத்து வாழ்க்கையைப் புகைப்படம் பிடித்தாற்போற் காட்டியுள்ளார் என எழுதுகின்றார். அதே கதையைக் குறைகூற விரும்பும் மற்றொருவர், இது வெறும் புகைப்படமேயன்றிக் கலையாகாது என எழுதுகின்றார். ஒருவர் வாயிற் புகழ்ச்சியாகவும் மற்றவர் வாயில் இகழ்ச்சியாகவும் அமையும் இவ்வுவமை இருவரிடத்தும் ஒரே நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றது. உலகம் தன்னைத்தானே பதிவு செய்துகொண்டதே ஒளிப்படம், அதில் மனிதனது தெரிவுக்கும் உழைப்புக்கும் இடமில்லை என்பதே அந்நம்பிக்கை.

ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் இயற்பண்புவாதம், யதார்த்தவாதம் என்னும் இரண்டுக்குமிடையேயான வேறுபாடு நீண்டகாலம் விவாதிக்கப்பட்ட ஒன்றாகும். பேராசிரியர் க. கைலாசபதி, பேராசிரியர் கா. சிவத்தம்பி முதலியோர் வழியாக இவ்வேறுபாடு நமக்கு நன்கு அறிமுகமாகியுள்ளது. புறத்தோற்றத்தை அப்படியே பெயர்த்து வைப்பது முன்னையது எனவும், தோற்றத்தின் பின்னுள்ள சமூக இயக்கத்தைக் காண்பது பின்னையது எனவும் நாம் கற்றிருக்கின்றோம். இவ்வேறுபாட்டை விளக்கப் புகும்போதெல்லாம் முன்னையதற்கு உவமானமாக ஒளிப்படம் வந்து நிற்கின்றது. ஆயின் உவமேயத்தைப் பற்றி இத்துணை விவாதித்த நாம் உவமானத்தைப் பற்றி அதிகம் விசாரித்தோமில்லை. ஒளிப்படம் உண்மையில் தோற்றத்தை அப்படியே பெயர்த்து வைக்கின்றதா? இவ்வினாவை ஒளிப்படத்தின் பொருளடக்கத்தினின்றன்றி, அது பதிந்திருக்கும் மேற்பரப்பிலிருந்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களையும் ஈண்டு கவனித்தல் தகும். புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் நம்மிடையே உள்ளன. புகை, நிழல், ஒளி என்னும் மூன்றும் கையாற் பிடிக்கவொண்ணாத பொருள்கள். வேலை செய்த கையையோ, படிந்த தகட்டையோ இவற்றின் முற்பகுதி எதுவும் சுட்டவில்லை. பிற்பகுதியாகிய 'படம்' என்ற சொல்லோ துணியையும் குறிக்கும் பழஞ்சொல்லாகும். சீலையில் எழுதப்பட்ட உருவத்துக்கு அச்சீலையின் பெயரே ஆகிவந்தது. சித்திரம் ஒரு பரப்பின்மீது நிகழ்வது என்ற அறிவு இச்சொல்லில் உண்டு. அதனை நாம் இன்று உணர்வதில்லை.

ஒளியைத் தொடக்குவதும் நிறுத்துவதும்

ஒளிப்படத்தின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பலவும் அதனை ஒளியின் ஆற்றலைக் கண்டுபிடித்த வரலாறாகவே கூறுகின்றன. இது பாதி உண்மை. ஒளி பொருள்களை மாற்றும் என்பது மனிதனுக்கு மிகப் பழைய அனுபவம். வெயிலிற் சாயம் வெளிறுகின்றது, தோல் கறுக்கின்றது, எண்ணெய் இறுகுகின்றது. வெள்ளியின் உப்புகள் கறுப்பது வெப்பத்தாலன்று, ஒளியாலேயே என்பதை ஜேர்மனியரான யொகான் ஹைன்றிச் ஷுல்ற்சே பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காட்டிவிட்டார். வெள்ளியுப்புக் கலந்த சுண்ணக் குழம்பு நிரம்பிய போத்தலின்மீது எழுத்துகள் வெட்டப்பட்ட தாளை ஒட்டி அவர் வெயிலில் வைத்தார். எழுத்துகள் குழம்பிற் கறுப்பாகப் படிந்தன. போத்தலைக் குலுக்கியதும் அவை கலைந்து மறைந்தன.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதே இடர் நீடித்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்பாண்ட உற்பத்தியாளரான ஜொசையா வெட்ஜ்வுட்டின் மகன் தோமஸ் வெட்ஜ்வுட், தாளையும் தோலையும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் நனைத்து, இலைகளையும் கண்ணாடியில் வரைந்த ஓவியங்களையும் அவற்றின்மீது வைத்து ஒளியிற் காட்டினார். உருவம் விழுந்தது. அதன் அறிக்கையை ஹம்பிறி டேவி 1802ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வறிக்கை ஒருவகையில் ஒரு தோல்வியின் அறிக்கையாகும். ஏனெனில் உருவம் விழாத பகுதிகளில் எஞ்சியிருந்த வெள்ளியுப்பும் ஒளியைக் கண்டவுடன் கறுக்கத் தொடங்கிற்று. படத்தை இருட்டில் வைத்திருக்க வேண்டியிருந்தது; பார்ப்பதாயின் மெழுகுதிரி வெளிச்சத்திற் சிறிது நேரம் பார்க்கலாம். காண்பதற்கு ஒளி வேண்டும்; அவ்வொளியே கண்ட பொருளை அழித்துவிடும்.

எனவே ஒளிப்படத்தின் உண்மையான பிரச்சினை ஒளியை வேலை செய்யவைப்பது அன்று. வேண்டிய அளவு வேலை செய்தபின் அதனை நிறுத்துவது. மேற்பரப்பு ஒருமுறை மாறவேண்டும், பின்னர் மாறாதிருக்க வேண்டும். முதலாவதனைச் சூரியன் செய்யும். இரண்டாவதனை மனிதனே செய்யவேண்டும். எந்த நிலையில் நிறுத்துவது, எதனை வைத்திருப்பது, எதனைக் கழுவி அகற்றுவது என்னும் தீர்மானங்கள் அனைத்தும் இவ்விரண்டாம் பகுதிக்கு உரியவை.

நியெப்சின் தகடு

இப்பிரச்சினையை முதலில் வென்றவர் பிரெஞ்சுக்காரரான நிசெபோர் நியெப்ஸ். அவர் வென்ற வழி கவனத்திற்குரியது. அவரது புகழ்பெற்ற தகட்டில் வெள்ளியுப்பு இல்லை. யூதேயா நிலக்கீல் எனப்படும் ஒருவகைத் தாரை லவெண்டர் எண்ணெயிற் கரைத்து, வெள்ளீயக் கலப்புலோகத் தகட்டின்மீது மெல்லிய படலமாகப் பூசினார். ஒளிபட்ட இடங்களில் அத்தாரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிக் கரையாத் தன்மை பெற்றன. ஒளிபடாத இடங்கள் இளகியே இருந்தன. பின்னர் லவெண்டர் எண்ணெயும் மண்ணெண்ணெய் போன்ற ஓர் எண்ணெயும் கலந்து கழுவியபோது இளகிய பகுதி நீங்கிற்று. இறுகிய பகுதி எஞ்சிற்று. சென்-லூ-த-வறென் என்னும் ஊரிலுள்ள தமது வீட்டின் சாளரத்தினூடாக 1826 அல்லது 1827இல் அவர் எடுத்த காட்சி இவ்வாறு கிடைத்ததே. கமராவில் எடுக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியுள்ள படங்களுள் மிகப் பழையது அதுவாகும்.

அத்தகட்டை ஒரு காட்சியின் நகலாக எண்ணிப் பார்ப்பவர் ஏமாற்றமடைவர். கட்டடங்களின் இருபக்கச் சுவர்களிலும் வெயில் அடிக்கின்றது. பல மணிநேரம், சிலர் கருதுவதுபோலப் பல நாள்கள், ஒளி விழுந்தமையால் காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் ஒரே தகட்டில் வேலை செய்துள்ளன. எந்த மனிதக் கண்ணும் எந்தவொரு கணத்திலும் காணாத காட்சி அது. அந்நேரத்தில் அம்முற்றத்தைக் கடந்த மனிதரோ விலங்கோ இருந்திருப்பின் அவர்களுள் எவரும் பதியவில்லை. அசையாதவை மட்டுமே பதியும் மேற்பரப்பு, அசையாதவற்றின் உலகையே நமக்குத் தருகின்றது. இதனை அப்படியே பெயர்த்தது என்று எவ்வாறு கூறுவது?

மேலும், நியெப்சுக்குச் சித்திரம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. அவர் தேடியது அச்சுத் தகடு. இறுகிய தார் அமிலத்தைத் தடுக்கும். தார் நீங்கிய இடத்தில் அமிலம் உலோகத்தை அரிக்கும். அரித்த பள்ளத்தில் மையை இட்டுத் தாளிற் பதிக்கலாம். கர்தினால் தம்புவாசின் உருவம் கொண்ட ஒரு பழைய செதுக்குச் சித்திரத்தை 1826இல் அவர் இவ்வாறே தகடாக்கினார். பாரிஸ் நகரின் செதுக்குக் கலைஞரான லெமேத்ர் அதிலிருந்து பிரதிகளை அச்சிட்டார். ஆகவே அவரது மேற்பரப்பு பார்ப்பதற்குரியதாக மட்டும் அமையாது ஒரு தொழிலைச் செய்வதாகவும் அமைந்தது.

இத்தொழில் மரபு இன்றும் அறுபடவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் லூயிஸ் மின்ஸ்க் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கிய ஒரு பல்பகுதியம் 1950களில் இத்துறைக்கு வந்தது. ஒளிபட்டதும் அதன் சங்கிலிகள் குறுக்கே பிணைந்து கரையாதவையாகின்றன. அச்சிட்ட மின்சுற்றுகளும் பின்னர் திரான்சிஸ்டர்களும் இத்தகைய படலங்களைக் கொண்டே வடிவமைக்கப்பட்டன. இன்றைய கணினியின் சிலிக்கன் சில்லும் இவ்வழி வந்ததே. பூசுதல், ஒளியிற் காட்டுதல், கழுவுதல், அரித்தல் என்னும் வரிசை நியெப்சின் வீட்டில் நிகழ்ந்த அதே வரிசையாகும்.

நியெப்சின் தகட்டுக்குப் பிற்காலத்தில் நேர்ந்த ஒன்று நமது வாதத்துக்கு மிக வேண்டியது. நெடுங்காலம் காணாமற்போயிருந்த அத்தகட்டை 1952இல் ஹெல்முட் கேண்ஷைம் என்னும் வரலாற்றாசிரியர் கண்டெடுத்தார். 1963 முதல் அது ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளது. கண்ணாடிபோல் மின்னும் அத்தகட்டிலுள்ள மங்கலான உருவத்தைப் படம்பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. கொடாக் ஆய்வுகூடத்தார் பெரிதும் முயன்று எடுத்த பிரதியும் கேண்ஷைமுக்குத் திருப்தி தரவில்லை. அப்பிரதியின்மீது அவரே நீர்வர்ணத்தால் திருத்தம் செய்தார். பாடநூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் நெடுங்காலமாக உலகம் கண்டுவந்தது அவ்வாறு தூரிகை பட்ட வடிவமே. மனிதக் கை படாத கலையின் முதற் சான்று என உலகுக்குக் காட்டப்பட்டது மனிதக் கையால் திருத்தப்பட்ட ஒன்றாகும்.

'இயற்கையின் எழுதுகோல்'

தானே வரைந்தது என்னும் நம்பிக்கைக்கு வடிவம் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் டல்பட். பாரிசில் 1839 ஜனவரி 7ஆம் திகதி டகேரின் வெள்ளித்தகட்டு முறை அறிவிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் டல்பட் இலண்டன் றோயல் சங்கத்தின் முன் தமது தாள் முறையைச் சமர்ப்பித்தார். ஓவியனின் எழுதுகோல் இன்றியே இயற்கைப் பொருள்கள் தம்மைத் தாமே வரைந்துகொள்ளச் செய்யும் முறை என அக்கட்டுரையின் தலைப்பே கூறிற்று. பின்னர் 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக, இருபத்துநான்கு படங்களுடன், 'த பென்சில் ஒவ் நேச்சர்' என்ற நூலை வெளியிட்டார். இயற்கையின் எழுதுகோல் என்பது அதன் பொருள். படங்கள் ஒளியால் மட்டுமே ஆனவை என வாசகருக்கு ஓர் அறிவித்தலும் இணைக்கப்பட்டது.

அந்நூலின் ஆறாவது படமாகிய 'திறந்த கதவு' என்பதை எடுத்து நோக்குவோம். ஒரு பழங்கட்டடத்தின் கதவு பாதி திறந்திருக்கின்றது. உள்ளே இருள். வாயிலின் முன்னே ஒரு விளக்குமாறு சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றது. பக்கத்தில் ஒரு கைவிளக்கும் கடிவாளமும் தொங்குகின்றன. ஒல்லாந்து ஓவிய மரபைத் தமக்கு முன்மாதிரியாக டல்பட் தாமே குறிப்பிடுகின்றார். இக்காட்சியைப் பலமுறை மாற்றி மாற்றி அவர் எடுத்துள்ளார் என்பதும் எஞ்சியுள்ள பிற பிரதிகளால் தெரிகின்றது. விளக்குமாற்றின் சாய்வும் நிழலின் கோணமும் தெரிந்தெடுக்கப்பட்டவை. எழுதுகோலை இயற்கையிடம் கொடுத்துவிட்டதாகக் கூறிய மனிதர் விளக்குமாற்றைத் தாமே வைத்திருக்கின்றார்.

விளக்குமாறு இருக்கின்றது; கூட்டுபவர் இல்லை. இதனைத் தற்செயலெனத் தள்ளிவிட இயலாது. அசையும் மனிதரைப் பதிப்பது அக்காலத் தாளுக்குக் கடினமானது என்பது உண்மையே. எனினும் இந்நூல் முழுவதையும் நோக்குமிடத்து உழைப்பவர் மறைந்து உழைப்பின் கருவி அழகுப்பொருளாக எஞ்சும் ஒரு போக்கு புலனாகின்றது. நூலின் உற்பத்தியிலும் இதுவே நிகழ்ந்தது. அதன் படங்கள் றெடிங் என்னும் ஊரிலிருந்த ஒரு நிலையத்தில் அச்சாயின. அதனை நடத்தியவர் நிக்கொலாஸ் ஹெனமன் என்னும் ஒல்லாந்தர்; முன்னர் டல்பட்டின் வீட்டுப் பணியாளராக இருந்தவர். ஒவ்வொரு பிரதியையும் வெயிலில் வைத்து எடுத்து, நிலைநிறுத்திக் கழுவி உலர்த்தி ஒட்டவேண்டும். அவ்வேலையைச் செய்த ஏனைய பணியாளரைப் பற்றி அந்நூல் மௌனம் சாதிக்கின்றது. அட்டையில் உள்ளவர்கள் டல்பட்டும் இயற்கையும் மட்டுமே.

இம்மௌனத்தைக் கலைத்தது இரசாயனமே. எஞ்சிய வெள்ளியுப்பைக் கரைத்து அகற்றும் வழியை அறிந்திருந்தவர் வானியலறிஞரான சேர் ஜோன் ஹேர்ஷல். 'ஹைப்போ' என வழங்கும் சோடியம் தயோசல்பேற்று வெள்ளியுப்புகளைக் கரைக்கும் என்பதை 1819இலேயே அவர் கண்டிருந்தார். 1839இல் அதனை ஒளிப்படத்துக்குப் பயன்படுத்தினார். டகேரும் டல்பட்டும் அம்முறையை ஏற்றனர். ஆனால் ஹைப்போவைத் தாளிலிருந்து முற்றாகக் கழுவாவிடின் அதிலுள்ள கந்தகம் வெள்ளியுடன் சேர்ந்து படத்தை மஞ்சளாக்கி மங்கச் செய்யும். டல்பட்டின் நூலிற் பல படங்கள் சில ஆண்டுகளிலேயே மங்கின. 1855இல் இலண்டன் ஒளிப்படச் சங்கம் படங்கள் மங்குவதை ஆராய்வதற்கென ஒரு குழுவையே நியமித்தது. எஞ்சிய ஹைப்போவே முதன்மையான காரணங்களுள் ஒன்றென அக்குழு கண்டது. இயற்கை தானே வரைந்திருப்பின் இத்தனை வாளி நீர் எதற்கு?

டல்பட்டுக்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. அனா அற்கின்ஸ் என்னும் பெண்மணி 1843இல் பிரித்தானியக் கடற்பாசிகள் பற்றிய தமது நூலின் முதற் பகுதியை வெளியிட்டார். டல்பட்டின் நூலுக்கு முந்தியது அது. ஹேர்ஷல் 1842இற் கண்ட நீலப்பட முறையை அவர் கைக்கொண்டார். இரும்பின் உப்புகள் பூசிய தாளில் ஒளிபட்ட இடம் நீரிற் கரையாத பிரசிய நீலமாகின்றது. மற்ற இடம் நீரிற் கழுவுண்டு வெள்ளையாகின்றது. பாசியைத் தாளின்மீது நேரே வைத்து அவர் படமெடுத்தார். பெயர்களையும் முன்னுரையையும் தமது கையெழுத்திலேயே எழுதி, அவற்றையும் அதே நீலத்திற் பதித்தார். ஒரே பக்கத்தில் பாசியின் வடிவமும் மனிதக் கையெழுத்தும் ஒரே இரசாயனத்தால் நிலைபெற்றுள்ளன. தமது கையை மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இவ்வகையில் டல்பட்டின் நூலைவிட அற்கின்சின் நூலே ஒளிப்படத்தின் இயல்பை நேர்மையாகக் காட்டுகின்றது என்பேன்.

'தானே' என்னும் சொல்

பொருள்முதல்வாத நோக்கில் ஆராய்வோர்க்கு இதில் வியப்பில்லை. சந்தைக்கு வரும் பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்தே வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய ஒளிப்படத் தாள், முட்டையின் வெண்கரு பூசப்பட்டது. வெண்கருவின் வழுவழுப்பான படலம் வெள்ளியுப்பைத் தாளின் மேற்பரப்பிலேயே நிறுத்திவைத்தமையால் நுண்கோடுகளும் தெளிவாயின. ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரிலிருந்த ஒரு பெருந்தொழிற்சாலை மட்டும் 1888ஆம் ஆண்டில் ஆறு மில்லியனுக்கும் மேற்பட்ட முட்டைகளைப் பயன்படுத்திற்று. அவற்றை உடைத்து வெண்கருவைப் பிரித்தவர்கள் பெண் தொழிலாளர். அக்காலத்துக் குடும்பப் படத்தின் பளபளப்பில் அவர்களது கைகள் உண்டு. ஒளி மட்டும் வரைந்தது என்பவருக்கு அக்கைகள் தென்படா.

இம்மறைப்பு அந்நூற்றாண்டுடன் முடிந்துவிடவில்லை. 2001இல் பிரித்தானியாவின் பில்கிங்டன் நிறுவனம் தன்னைத்தானே துப்புரவாக்கும் கண்ணாடி என ஒன்றை விற்பனைக்கு விட்டது. கண்ணாடியின்மீது தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மிக மெல்லிய படலம் பூசப்பட்டிருக்கும். வெயிலிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள் பட்டதும் அப்படலம் தன்மீதுள்ள சேதன அழுக்கைச் சிதைக்கின்றது. நீரும் துளியாகத் திரளாது விரிந்து வழிந்து அழுக்கைக் கொண்டுபோகின்றது. நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆயின் மணலும் சுண்ணமும் ஒளியாற் சிதையமாட்டா. மழையற்ற இடத்தில் நீரை மனிதரே ஊற்றவேண்டும். 'தானே' என்னும் சொல் ஓர் இரசாயன உண்மையைக் கூறுவதோடு, வாளியுடன் நிற்கும் ஒருவரைக் காட்சியிலிருந்து அகற்றியும் விடுகின்றது. டல்பட்டின் வாயிலில் விளக்குமாறாவது எஞ்சியிருந்தது.

களுத்துறைப் படங்கள்

இதுவரை கூறியவற்றுக்கு ஒரு மறுப்பு எழலாம். ஓவியன் தான் காணாத மனிதனையும் வரையலாம். ஒளிப்படத்தில் விழுந்த மனிதன் ஒருகாலத்தில் அத்தகட்டின் முன் இருந்தேயாக வேண்டும். அவன் உடலிற் பட்டுத் தெறித்த ஒளியே அப்படலத்தை மாற்றிற்று. இப்பிணைப்பை எந்த விமர்சனமும் அழித்துவிட முடியாது என்பர். இது முற்றிலும் சரியான மறுப்பு. ஒளிப்படத்தின் தனித்தன்மையும் வலிமையும் இதுவே. எனினும் ஒருவர் இருந்தார் என்பதற்கான தடயம் வேறு, அவர் யார் என்று கூறும் சாட்சியம் வேறு. முன்னையதை மேற்பரப்பு தருகின்றது. பின்னையதை அது ஒருபோதும் தருவதில்லை. இவ்வேறுபாட்டை நமது நாட்டிலேயே எடுக்கப்பட்ட சில படங்கள் நன்கு காட்டுகின்றன.

கோல்புறூக்–கமரோன் ஆணைக்குழுவை வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர். அதில் நீதித்துறை பற்றி ஆராய்ந்த சார்ள்ஸ் ஹே கமரோன் பின்னர் இலங்கையிற் கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளரானார். அவரது மனைவி ஜூலியா மார்கிரட் கமரோன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞருள் ஒருவர். தமது நாற்பத்தெட்டாவது வயதிற் கமராவைப் பரிசாகப் பெற்ற அவர், கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்துக் கழுவும் கடினமான முறையைக் கையாண்டார். அவரது தகடுகளிற் கோடுகளும் கறைகளும் விரல் அடையாளங்களும் இருந்தன. சமகால ஒளிப்பட விமர்சகர் இவற்றைக் குறைகளெனச் சாடினர். நமது நோக்கில் அவை குறைகளல்ல. இப்பரப்பை ஒரு கை ஆக்கிற்று என்று அவை ஒளிக்காமற் கூறுகின்றன.

1875இல் கமரோன் குடும்பத்தினர் இலங்கைக்கு வந்து களுத்துறையிற் குடியேறினர். நான்கு ஆண்டுகளின்பின், 1879இல், அவர் இந்நாட்டிலேயே மரணமானார். இங்கு அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. ஈதரும் அற்ககோலும் விரைந்து ஆவியாகும் இவ்வெப்ப நாட்டில் ஈரக் கொலோடியனுடன் போராடுவது எளிதன்று. அவற்றுள் 1878இல் எடுக்கப்பட்ட ஒன்று களுத்துறைக் குடியானவர் சிலரைக் காட்டுகின்றது. அதற்கு எழுதப்பட்ட குறிப்பு, அதிலுள்ள பெண்ணுக்கு வயது பன்னிரண்டு எனவும், முதியவர் தம்மை அவளது தந்தை என்றும் நூறு வயதினர் என்றும் கூறுகின்றார் எனவும் தெரிவிக்கின்றது. வயது உண்டு, உறவு உண்டு, அதுவும் ஐயத்துடன். பெயர் மட்டும் இல்லை.

இதனுடன் அதே கலைஞர் 1867இல் எடுத்த இன்னொரு படத்தை ஒப்பிடுக. அது சேர் ஜோன் ஹேர்ஷலின் உருவப்படம். கலைந்த வெண்முடியும் ஆழ்ந்த கண்களும் இருளிலிருந்து எழுகின்றன. ஹைப்போவை உலகுக்குத் தந்த அறிஞரின் முகம் ஹைப்போவால் நிலைபெற்ற ஒரு படத்திற் பதிந்துள்ளது. இரு படங்களிலும் ஒரே கொலோடியன், ஒரே வெள்ளி, ஒரே வெண்கருத் தாள். சூரியனும் ஒன்றே. களுத்துறை முதியவரின் சுருங்கிய தோலிலிருந்து தெறித்த ஒளி ஹேர்ஷலின் நெற்றியிலிருந்து தெறித்த ஒளியைவிட எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. வெள்ளியணு இருவரையும் சமமாகவே ஏற்றுக்கொண்டது. ஒருவரைப் பெயருள்ள மனிதராகவும் மற்றவரைக் 'குடியானவர்' என்னும் வகையாகவும் பிரித்தது அம்மேற்பரப்பு அன்று. அதன் கீழே எழுதிய கை.

கமரோன் அம்மையாரை இகழ்வது எனது நோக்கமன்று. மனிதரை அளவுகோலின் அருகே நிறுத்தி இனவகை காட்டிய குடியேற்றகாலப் படப்பிடிப்பாளர் பலர் இருந்தனர். அவரது படங்கள் அத்தகையவை அல்ல. அவர் அருகில் சென்று, முகத்தின் கண்ணியத்தை மதித்தே எடுத்திருக்கின்றார். இங்கிலாந்தில் அவர் முன் மரியன்னையாக அமர்ந்த பணிப்பெண் மேரி ஹிலியரின் பெயர் நமக்குக் கிடைத்துள்ளது. இங்கு அமர்ந்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. நல்ல உள்ளமும் நல்ல கலையும் இருந்தும் இது நிகழ்ந்தது என்பதே கவலைக்குரியது. பெயர்களை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்தத் தோட்டச் சமூகத்தில் இடம் இருக்கவில்லை. நிலைபேறு அளிக்கப்பட்டது உருவத்துக்கு, ஆளுக்கன்று.

முடிவுரை

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். ஒளிப்படம் தோற்றத்தை அப்படியே பெயர்ப்பதன்று என்பதை அதன் மேற்பரப்பே காட்டுகின்றது. எப்பொருளைப் பூசுவது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, எங்கே நிறுத்துவது, எதனைக் கழுவி அகற்றுவது, கீழே என்ன எழுதுவது என்னும் ஐந்து தீர்மானங்களும் மனிதருடையவை. இவற்றுள் முதல் நான்கும் இரசாயனத்தின் எல்லைக்குள் நிகழ்கின்றன; ஐந்தாவது சமூகத்தின் எல்லைக்குள் நிகழ்கின்றது. ஒளி இவை அனைத்துக்கும் இன்றியமையாதது. ஆனால் எதனையும் அது தீர்மானிப்பதில்லை.

அங்ஙனமாயின் ஒரு நாவலைப் 'புகைப்படம்' எனப் புகழ்வதும் இகழ்வதும் ஒருங்கே பொருளிழக்கின்றன. உள்ளதை உள்ளவாறே எழுதினேன் என்று கூறும் எழுத்தாளர், இயற்கையே வரைந்தது என்று கூறிய டல்பட்டைப்போன்று தாம் வைத்த விளக்குமாற்றை மறைக்கின்றார். வெறும் நகல் என்று ஒதுக்கும் விமர்சகரும் அந்நகலுக்குள் நிகழ்ந்த தெரிவுகளைக் காணாது விடுகின்றார். மலையகத்தைப் பற்றியும், மீனவக் கிராமங்களைப் பற்றியும், போரினால் இடம்பெயர்ந்தோரைப் பற்றியும் நம்மிடையே வந்துள்ள, இனியும் வரவுள்ள எழுத்துகளிடம் நாம் வேறு வினாக்களை எழுப்பவேண்டும். இவ்வெழுத்து எதனை நிலைநிறுத்திற்று? எதனைக் கழுவிவிட்டது? அசைந்தமையால் பதியாமற் போனவர் யார்? பதிந்தும் பெயர் பெறாதவர் யார்?

இவ்வினாக்கள் படங்களுக்கும் உரியவை. நமது நூலகங்களிலும் வீடுகளிலும் பழைய படங்கள் பல உள்ளன. ஈரமும் வெப்பமும் பூஞ்சணமும் அவற்றை நாள்தோறும் அழித்து வருகின்றன. எஞ்சியவற்றைப் பிரதி செய்து காப்பாற்றும் முயற்சிகள் பாராட்டுக்குரியவை. ஆயின் படலத்தைக் காப்பதுடன் பணி முடிந்துவிடாது. அதில் நிற்பவர்களை அறிந்த முதியோர் உயிருடன் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். களுத்துறை முதியவருக்கு அது கிடைக்கவில்லை. நமது பெட்டகங்களில் உள்ளவர்கள் பலருக்கு இன்னும் அதற்குக் காலம் இருக்கின்றது.